குப்புறப் படுத்துக் கேட்ட கதை

கீழே வைக்க முடியாத புத்தகம் என்று ஒன்று இருப்பதாகப் பொதுமக்களிடையே ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது தவறு என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். புவியீர்ப்பு விசை எல்லாப் புத்தகங்களுக்கும் பொது. உங்கள் கையில் இருக்கிறதே, ‘அமாவாசையில் விழுந்த நிழல்’, அதன் பின்னட்டையில்கூட அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். ‘எடுத்தால் கீழே வைக்க மாட்டீர்கள்!’ ஆச்சரியக்குறி வேறு. நான் வைத்திருக்கிறேன். மேசைமேல் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி ஜன்னலில் வைத்திருக்கிறேன். ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோலுக்கு அடியில்கூட வைத்திருக்கிறேன். எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

நீங்கள் படியுங்கள். தொந்தரவு செய்யவில்லை.

ஆனால் கேட்டது நீங்கள்தான். டிரைவருக்குப் பக்கத்துச் சீட் காலியாக இருக்கும்போது, இந்த வயதில் ஏன் கடைசிச் சீட்டில் வந்து தூக்கிப்போடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மானூரே இன்னும் வரவில்லை. சங்கரன்கோவிலுக்கு ஏகப்பட்ட நேரம் இருக்கிறது.

நான் பேசுவது மேடையில் பேசுவது போல் இருந்தால் மன்னிக்க வேண்டும். கல்லூரியில் புவியியல் நடத்தியவன். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்துப் பழகிவிட்டது. வீட்டிலும் இப்படித்தான். என் மனைவி கோமதி இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பொதுவாகவே அவள் அதிகம் பேச மாட்டாள்.

அவளுக்கு ஒரு தம்பி. ஆறுமுகநயினார். பஸ் டிரைவர். ஓர் இடத்தில் உட்கார மாட்டான். பஸ் ஓட்டும்போது மட்டும்தான் உட்கார்ந்திருப்பான், அப்போதும் பஸ் ஓடிக்கொண்டிருக்கும். போன பங்குனியில் அவனுக்கு வலது கண்ணில் ஓரத்திலிருந்து கறுப்பாக ஏதோ திரை மாதிரி இறங்கியது. தூசி என்று நினைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறான். இரண்டு நாள் கழித்துத் திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தால், விழித்திரை பிய்ந்துவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார்கள்.

ஆபரேஷன் பெரிய விஷயமில்லை. அதற்குப் பிறகுதான் விஷயம். கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்துவிடுகிறார்கள். குமிழி எப்போதும் மேல்நோக்கித்தான் போகும், சாதாரண இயற்பியல். முகத்தைத் தரையைப் பார்த்து வைத்திருந்தால் அது கண்ணின் பின்பக்கம் போய், பிய்ந்த திரையை ஒட்டுகிற வரைக்கும் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நோயாளி குப்புறப் படுத்திருக்க வேண்டும். சாப்பிடும்போது குனிந்தே சாப்பிட வேண்டும். நடந்தாலும் தரையைப் பார்த்தே நடக்க வேண்டும். தலையைத் தூக்கக் கூடாது. தூக்கினால் குமிழி நகரும். திரை ஒட்டவில்லை என்றால் அந்தக் கண்ணோடு பஸ் ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான்.

அவனுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. கல்யாணமாகி வெகு காலம் கழித்து அவன் மனைவி நிறைமாதமாகப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அதனால்தான் துணைக்கு நான் போக வேண்டியதாயிற்று.

“நீங்கதான் ரிட்டயர்டு ஆயிட்டீங்கள்லா. சும்மாதான இருக்கீங்க. அவன் பக்கத்துல போய் இரிங்க. ஏதாவது படிச்சுக் காட்டுங்க, அவன் சும்மா கெடக்க மாட்டான்” என்றாள் கோமதி.

சும்மா இருக்கிறேனாம். தாமிரபரணி படுகை பற்றி ஒரு நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சரி, அது கிடக்கட்டும்.

அந்த வார்டில் மூன்று கட்டில்கள். மூன்றிலும் தலைமாட்டில் முகம் வைப்பதற்கு ஓர் ஓட்டை. மூன்று பேரும் ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்துக் கிடந்தார்கள். நயினார் நடுக்கட்டில். ஜன்னல் பக்கம் கடையநல்லூர் மீராசா பாய், ஜவுளிக்கடை வைத்திருந்தவர், வயதானவர். கதவுப் பக்கம் இருந்தவர் விளாத்திகுளம் பக்கத்து ஆள் என்பது மட்டும்தான் தெரியும். அவர் வாயே திறக்க மாட்டார். மூன்று பேருடைய முதுகும் எனக்கு நன்றாகத் தெரியும். முகம் தெரியாது.

படித்துக் காட்டுவதற்கு நான் மூன்று நல்ல நூல்கள் கொண்டுபோயிருந்தேன். ஆற்றுப் படிவுகள் பற்றி ஒன்று, பருவக்காற்று பற்றி இரண்டு. நயினார் தரையைப் பார்த்தபடியே சொன்னான்:

“அத்தான், பையில ஒரு புஸ்தகம் கெடக்கு பாருங்க. ஆபரேசனுக்கு வரும்போது பஸ் ஸ்டாண்டுல வாங்கினேன். அதப் படிங்க.”

எடுத்துப் பார்த்தேன். விஜயகேசரி எழுதியது. முப்பத்தோராம் பதிப்பு. அட்டையில் ஒரு பங்களா, ஒரு பெண், ரத்தம்.

“நயினார், அமாவாசையில் நிழல் எப்படி விழும்?” என்றேன். “நிலா இல்லையே.”

“அதுதான அத்தான் மர்மம்!”

இந்த நாட்டில் ஒரு லட்சம் பிரதி விற்பதற்கு இதுதான் காரணம்.

படித்தேன். கதை உங்களுக்குத் தெரியும். குற்றாலத்தில் ஒரு பங்களா. எஸ்டேட் முதலாளி ராஜவர்மன் ஓர் அமாவாசை இரவில் வாசல் படிக்கட்டில் செத்துக் கிடக்கிறார். சொத்து மேல் கண் வைத்திருக்கிற இரண்டாம் மனைவி, எப்போதும் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிற மானேஜர், குடும்ப டாக்டர் பரஞ்சோதி. விசாரிக்கச் சென்னையிலிருந்து துப்பறிவாளன் துருவன் வருகிறான். தென்காசி ஸ்டேஷனில் இறங்கி, ‘காலை வெயில் முகத்தில் சுளீரென்று அடிக்க, மலையை நோக்கி விறுவிறுவென்று நடந்தான்.’

நிறுத்திவிட்டேன். நிறுத்தாமல் எப்படி இருக்க முடியும்? தென்காசிக்கு மலை மேற்கே இருக்கிறது. காலை வெயில் அவன் முதுகில்தான் அடிக்கும். முகத்தில் அடிக்கிறது என்றால் அவன் திருநெல்வேலியைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறான். துருவ நட்சத்திரத்தின் பெயரை வைத்துக்கொண்டு திசை தெரியாத ஒரு துப்பறிவாளன். இதை நான் கொஞ்சம் விரிவாக எடுத்துச் சொன்னேன்.

“அத்தான், அவன் எங்கிட்டாவது நடந்துட்டுப் போறான். நீங்க படிங்க.”

“எங்கிட்டாவது நடந்தால் குற்றாலம் எப்படி வரும்?”

“வருதா இல்லையான்னு அடுத்த பக்கத்துல பாருங்களேன்!” என்று சொல்லி நயினார் தலையைத் தூக்கி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

மருந்து விட வந்த எஸ்தர் சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். “யாரு அது தல தூக்குறது? சார், நீங்க துணைக்கு இருக்கீங்களா, சண்டை போட இருக்கீங்களா? குமிழி நகந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

ஜன்னல் பக்கத்திலிருந்து மீராசா பாயின் குரல் ஓட்டைக்குள்ளிருந்து வந்தது. “வாத்தியாரே, வெயிலு எங்க அடிச்சா என்ன? அந்த ரெண்டாவது பொண்டாட்டி கதவத் தொறந்தாளா இல்லியா? அத மட்டும் சொல்லும்.”

அன்று முடிவு செய்தேன். நோயாளிகளோடு விவாதிப்பது சரியில்லை. விவாதித்தால் தலையைத் தூக்குகிறார்கள். ஆகவே பிழைகளைச் சுட்டிக்காட்டாமல், படிக்கும்போதே சத்தமில்லாமல் திருத்திவிடலாம். வெயில் முகத்தில் அடித்தால் முதுகுக்கு மாற்றிவிடுவேன். யாருக்கும் தெரியாது. யாருக்கும் வலிக்காது. ஒரு மனிதனின் கண்ணைக் காப்பாற்றுவதற்காகத்தான் செய்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒரு பிழையைத் திருத்தினால் அது தன் சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வருகிறது. மூன்றாவது அத்தியாயத்தில் அந்த நிழல் வந்தது. அமாவாசை. மின்சாரமும் போயிருக்கிறது. ‘சுவரில் நெடிய நிழல் ஒன்று விழுந்தது, அதன் தலையில் தொப்பி.’ எந்த வெளிச்சத்தில்? மெழுகுவர்த்தியாவது உண்டா? இல்லை. நான் முன்னும் பின்னும் பக்கங்களைப் புரட்டித் தேடினேன். ஒரு தீக்குச்சிகூடக் கிடையாது. நிழலை எடுத்துவிட்டேன்.

நிழலை எடுத்ததும் தொப்பி போயிற்று. தொப்பி போனதும் துருவனுக்குத் துப்பு போயிற்று. அவன் என்ன செய்வான், பாவம்? நான்தான் ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும். தினமும் மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து, மாலையில் படிக்க வேண்டிய அத்தியாயத்தைப் பென்சிலோடு சரிசெய்வேன். சலிப்பான வேலை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், வாங்கி வைத்த காபியைக் குடிக்க மறந்துபோகும் அளவுக்குச் சலிப்பான வேலை. சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்காக முழுப் புத்தகத்தையும் நான்கு முறை படிக்க வேண்டியிருந்தது. பிடிக்காத புத்தகத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும் அல்லவா?

நயினார் மட்டும் நடுநடுவே கேட்பான்: “அத்தான், அந்த நிழல் எப்ப வரும்?”

“வரும், வரும்” என்பேன்.

அந்த மனிதர்கள் அசையாமல் கிடந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பகல் முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டே வாக்குவாதம் செய்வார்கள். மீராசா பாய்க்கு மானேஜர் மேல் சந்தேகம். “வேர்க்குதுல்லா அவனுக்கு? கணக்குல கைவைச்சவனுக்குத்தான் அப்படி வேர்க்கும். எங்கடையில ஒருத்தன் இருந்தான்” என்பார். நயினார், இரண்டாம் மனைவிதான் என்பான். எஸ்தர் சிஸ்டர்கூட மருந்து விட வந்தால், விட்ட பிறகும் கொஞ்ச நேரம் நிற்பார். “சார், உங்க ஆளு இப்பத்தான் ஒழுங்கா படுத்திருக்கார். என்ன மந்திரம் போட்டீங்க?” என்றார். எல்லாம் அறிவியல் நோக்கு என்றேன்.

ஒரு நாள் இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது நயினார் தரையிடம் கேட்டான். “அத்தான். பிள்ளை முகத்தப் பாத்துருவேன்லா?”

“வாய்ப்பு அதிகம்” என்றேன். இந்த வகை ஆபரேஷனில் எவ்வளவு சதவீதம் வெற்றி, எவ்வளவு சதவீதம் மறு ஆபரேஷன் என்று அங்கே சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்து வைத்திருந்தேன். அதையும் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் மெல்லவே இல்லை. பிறகு, “நீங்க கதையப் படிங்க அத்தான்” என்றான்.

மறுநாள் பிள்ளை பிறந்த செய்தி வந்தது. பையன். மொபைலைக் கட்டிலுக்கு அடியில் ஓட்டைக்கு நேராக நான்தான் பிடித்துக்கொண்டேன். பிள்ளை அழுத சத்தத்தை மூன்று பேரும் கேட்டார்கள். விளாத்திகுளத்துக்காரர் கையை நீட்டி நயினாரின் கட்டிலைத் தட்டினார். பெயர் என்ன வைக்கலாம் என்று நயினாரின் மாமனார் என்னிடம்தான் கேட்டார். படித்த மனிதன் நான் ஒருவன்தானே. பொருநைச்செல்வன் என்று சொன்னேன். தாமிரபரணியின் பழைய பெயர் பொருநை. எல்லோரும் நல்ல பெயர் என்றார்கள்.

கடைசி அத்தியாயம் வந்தது. கொலைகாரன் யார் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது நாகரிகமில்லை. ஆனால் அந்த எழுத்தாளரின் தரத்துக்கு ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். கொலை நடந்த நேரத்தில் அருவியில் குளித்துக்கொண்டிருந்தேன் என்கிறார் டாக்டர் பரஞ்சோதி. எந்த மாதம்? சித்திரை. சித்திரையில் குற்றாலத்தில் பாறையைத்தான் பார்க்கலாம். எதில் குளித்தாராம்? எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைகூட அந்த இடத்திலேயே அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருக்கும். துருவன் இதை நம்பிக்கொண்டு இருநூறு பக்கம் அலைந்து, கடைசியில் தொப்பியை வைத்துத்தான் அவரைப் பிடிக்கிறான்.

என்ன? நீங்கள் இன்னும் அங்கே வரவில்லையா? எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்? அடடா. இல்லை, நான் டாக்டர்தான் என்று சொல்லவில்லையே. சட்டையைப் பற்றித்தானே சொன்னேன்.

சரி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேளுங்கள். எனக்கு ஒன்றுமில்லை. வெளியே மானூர்க் குளம் வரும், பார்க்க வேண்டிய குளம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் திருத்தப்பட்ட பதிப்பில் நிழல் இல்லை, தொப்பி இல்லை. அருவியில் தண்ணீர் இல்லாததால் டாக்டரை முன்பே விசாரித்து, அன்றைக்கு அவர் மதுரையில் இருந்தார் என்று விட்டுவிட்டேன். மானேஜருக்கு வியர்த்ததற்குக் காரணம் சித்திரை மாதம். இரண்டாம் மனைவிக்குச் சொத்தில் சட்டப்படியே பங்கு உண்டு, அவள் ஏன் கொல்ல வேண்டும்? அப்படியானால் யார்? மரத்தடியில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரி இருக்கிறது. ராஜவர்மன் அன்றைக்குத்தான் புதுத் தோல் செருப்பு வாங்கியிருந்தார். வேலைக்காரி அந்திக்கு வாசல் தெளித்திருக்கிறாள். படிக்கட்டோ பளிங்கு. இருட்டு. வயதான மனிதர்.

மாலையில் படித்தேன். பங்களாக் கூடத்தில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். துருவன் நடுவில் வந்து நிற்கிறான். எஸ்தர் சிஸ்டர் கதவருகில் டிரேயோடு நின்றுவிட்டார். நான் குரலைக் கொஞ்சம் இறக்கி, துருவன் சொன்னதைப் படித்தேன்: “ராஜவர்மனை யாரும் கொல்லவில்லை. அவர் வழுக்கி விழுந்தார்.”

அதற்குப் பிறகு உராய்வு விசை பற்றி இரண்டு பத்தி தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல பத்திகள். படிக்க விடவில்லை.

“வழுக்கியா?” என்று ஒரு குரல் கேட்டது. விளாத்திகுளத்துக்காரர். அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “வழுக்கியா விழுந்தான்?”

மூன்று பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று முகங்களையும் நான் சேர்ந்தாற்போலப் பார்த்தது அப்போதுதான். நெற்றியிலும் கன்னத்திலும் ஓட்டையின் வட்டமான தழும்பு, மூன்று பேருக்கும் ஒரே மாதிரி.

“எட்டு நாளா வழுக்கி விழுந்தவனுக்காவே நான் கமந்து கெடந்தேன்?” என்றார் மீராசா பாய்.

“அத்தான்! நிழல் எங்க? அட்டையிலயே போட்டிருக்கே நிழல்னு! நிழல் எங்க அத்தான்?” நயினார் கட்டிலை விட்டு இறங்கியே விட்டான்.

“தலை! தலை! தலைய எறக்குங்க எல்லாரும்!” எஸ்தர் சிஸ்டர் டிரேயைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஒவ்வொருவர் பிடரியாகப் பிடித்து அமுக்கினார். சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். எங்கள் டாக்டர், பரஞ்சோதி அல்ல. “என்ன ஆச்சு?” என்றார்.

“வழுக்கி விழுந்துட்டாராம் டாக்டர்” என்றான் நயினார், ஓட்டைக்குள்ளிருந்து. அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் முகம் மறுபடியும் உள்ளே போய்விட்டது.

“யாரு? பேஷண்டா? எங்க, பாத்ரூம்லயா?”

“கதையில சார்” என்றார் எஸ்தர் சிஸ்டர்.

டாக்டர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு மூன்று பேருடைய கண்ணையும் பார்த்தார். மற்ற இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. நயினாரின் கண்ணில் மட்டும் ஒரு மூலையில் திரை இன்னும் சரியாக ஒட்டவில்லையாம். எழுந்ததால்தானா, முன்பே அப்படித்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதை நான் குறித்துக்கொண்டேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை. எதற்கும் மூன்று பேருமே இன்னும் ஒரு வாரம் குப்புறப் படுக்க வேண்டும் என்றார். பிள்ளைக்குப் பெயர் வைக்கிற விசேஷத்தைத் தள்ளி வைத்தார்கள்.

இதற்கெல்லாம் காரணம் விஜயகேசரி. ஒரு மெழுகுவர்த்தி, ஒரே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தால் இத்தனை பிரச்சினை வந்திருக்குமா? முப்பத்தொரு பதிப்பு போட்டிருக்கிறார்கள், ஒரு பதிப்பில்கூட ஏற்றவில்லை.

நயினார் ஊருக்குப் போன் போடச் சொன்னான். “அக்காவ வரச் சொல்லுங்க அத்தான். நீங்க களைச்சுப் போயிருப்பீங்க” என்றான். உண்மையில் களைப்பாகத்தான் இருந்தது.

கோமதி வந்தாள். வந்ததும் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். என் பென்சில் குறிப்புகளைப் பார்த்தாள். பையிலிருந்து ரப்பர் எடுத்தாள். அவள் பையில் ரப்பர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. என்னை வராந்தாவில் உட்காரச் சொன்னாள். வராந்தாவில் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் நாற்காலி வார்டுக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தாள். வெயில் துருவனின் முகத்தில் அடித்தது. அவன் மலையை நோக்கி விறுவிறுவென்று நடந்தான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் ஒன்று சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஆயிரத்துக்கு மேல் புத்தகம் இருக்கிறது. கோமதி அவற்றைத் தூசி தட்டிப் பார்த்திருக்கிறேன், படித்துப் பார்த்ததில்லை. வாசிப்பில் நாட்டமில்லாதவள் என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அவளோ மானேஜருக்கு ஒரு குரல் வைத்தாள், மூக்கடைத்த குரல். இரண்டாம் மனைவிக்கு ஒரு குரல். நிழல் விழுகிற இடத்தில் எவ்வளவு நேரம் நிறுத்தினாள் தெரியுமா? வராந்தாவில் மருந்துச் சீட்டோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் அப்படியே நின்றுவிட்டார்.

“யக்கா, அந்தச் சிரிப்பு சிரி” என்றான் நயினார். “வில்லன் சிரிப்பு. பழைய மாதிரி.”

அவள் சிரித்தாள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. உள்ளே மீராசா பாய், “யம்மா தாயே, மறுபடி ஒருக்கா” என்றார்.

துணைக்கு அவள் இருந்ததால் நான் ஊருக்குப் போய்விட்டேன். சமைக்க அரிசி எடுக்கும்போது பார்த்தேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை. அதற்குள் பதினாறு புத்தகங்கள். எல்லாம் விஜயகேசரி. ‘அமாவாசையில் விழுந்த நிழல்’ அதில் முதல் பதிப்பே இருந்தது. சிலவற்றின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னதாக எழுதி, பிறகு அழித்திருந்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிந்தது. ‘இவன் இல்லை’ என்று ஓரிடத்தில் இருந்தது. அவள் சொன்னது சரிதான், அவன் இல்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்கிறீர்களா? சும்மா இருந்தேன், புரட்டிப் பார்த்தேன். பதினாறையும் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் குப்பை.

கடைசி அத்தியாயம் படிக்கிற அன்றைக்கு வேறு வேலையாகத் திருநெல்வேலிக்கு வர வேண்டியிருந்தது. அந்த நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். துருவன் கையை நீட்டினான். கொலைகாரன் பெயரைக் கோமதி சொன்னாள். கதவிடுக்கில் பார்த்தேன். ஒரு தலைகூட எழவில்லை. மூன்று பேரும் ஓட்டைக்குள் முகத்தை வைத்தபடி அப்படியே கிடந்தார்கள், விரல்கூட அசையவில்லை. என்னுடைய முடிவுக்கு மூன்று பேர் எழுந்து உட்கார்ந்தார்கள் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விற்பனை வேறு, தாக்கம் வேறு.

இதோ மானூர். இறங்குகிறவர்களுக்கு வழி விடுங்கள்.

கண் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒட்டிவிட்டது. குமிழி கரைய ஒரு மாதம் ஆனது. புரட்டாசியில் டாக்டர் சான்றிதழ் கொடுத்தார், முதலாளி வண்டியைக் கொடுத்தார். அதோ, முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறானே, நீலக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அவன்தான் ஆறுமுகநயினார். முதல் நாள் நான் அவனுக்குப் பக்கத்துச் சீட்டில்தான் உட்கார்ந்து வந்தேன். தேவர்குளம் வளைவில் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும், காலை வெயில் எந்தக் கண்ணில் அடிக்கும் என்று கொஞ்சம் எடுத்துச் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்தினான். “அத்தான், கடைசி சீட்டுல காத்து நல்லா வரும்” என்றான். காற்று நன்றாகத்தான் வருகிறது.

பெயர் வைக்கிற விசேஷம் வைகாசியில் நடந்தது. வாழையிலையில் பச்சரிசி பரப்பி, அதன்மேல் துணி விரித்துப் பிள்ளையைப் போட்டிருந்தார்கள். நயினார் குனிந்தான். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் பிள்ளையை ரொம்ப நேரம் பார்த்தான். “மூக்கு அக்கா மூக்கு” என்றான். பிறகு இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, “காது அத்தான் மாதிரி வந்துராம இருக்கணும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தப் பிள்ளைக்கு ரத்த சொந்தம் இல்லை, என் காது வர வாய்ப்பே இல்லை என்பதை விளக்கினேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளையின் காதில் பெயரைச் சொல்வது அத்தையின் உரிமை. மூன்று முறை சொல்ல வேண்டும். பொருநைச்செல்வன் என்று ஒரு தாளில் எழுதி, பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்த்து, கோமதியின் கையில் நான்தான் கொடுத்திருந்தேன். அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, பிள்ளையின் வலது காதருகே வாயை வைத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் நன்றாக நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள்.

“துருவன். துருவன். துருவன்.”

போன வாரம் ரேஷன் கார்டிலும் சேர்த்துவிட்டார்கள்.